ஏப்ரல் 26: கப்பலில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இன்று ஏப்ரல் 26. 2019-ல் இதே நாள் காலையில் விமானந்தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யா கார்வார் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது உள்ளே ஒரு கம்பார்ட்மென்ட்டில் தீப்பிடித்தது. தீயணைப்பை முன்னின்று நடத்திய இளம் லெப்டினன்ட் கமாண்டர் புகையில் மயங்கி விழுந்தார். உடனே கார்வாரிலுள்ள பதஞ்சலி கடற்படை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. போர் கிடையாது, புயல் கிடையாது. கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அன்று கடற்படை விட்ட அறிக்கை சில வரிகள்தான். அதன் சாரம் இது: அவருடைய மேற்பார்வையில் தீ கட்டுக்குள் வந்தது, ஆனால் தீயணைக்கும்போது எழுந்த புகையாலும் ஆவியாலும் அவர் நினைவிழந்தார். இந்த இரண்டு செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார், அம்மாடி. கப்பல் தப்பியது, அவர் தப்பவில்லை. தீயை வெல்வதும் புகையிலிருந்து மீள்வதும் இரண்டு தனி வேலைகள். இந்தக் கடிதத்தில் இரண்டாவதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவருடைய வீட்டாரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதை நான் திருப்பி எழுதப்போவதில்லை. அது அவர்களுடைய துக்கம். வீரமரணம் என்றார்கள், அந்தச் சொல் அவருக்கு முழுக்க உரியது. ஆனால் அதைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. எந்தக் கதவு, எப்படிப்பட்ட காற்று, முதுகிலுள்ள சிலிண்டரில் எத்தனை நிமிடக் காற்று மீதி என்று அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. நீ இன்ஜினியர் ஆபீசர். நாளைக்கு உன் கப்பலில் "ஃபயர், ஃபயர், ஃபயர்" என்று ஒலித்தால், உள்ளே எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நீதான். அதனால் நீ கேட்டே ஆக வேண்டும்.

மற்றவர்களையும் சேர்த்து நினைத்துப் பார். 2014 பிப்ரவரி 26, சிந்துரத்னா நீர்மூழ்கி. பழுதுபார்ப்பு முடிந்து மும்பைக்கு அப்பால் கடலில் சோதனை ஓட்டம். மூன்றாவது கம்பார்ட்மென்ட்டில் கேபிள்கள் பற்றிக்கொண்டன. இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், புகையை இழுத்த ஏழு பேரை ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கடற்படைத் தளபதி அன்றே பதவி விலகினார். அடுத்த மாதம் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில், இன்னும் படையில் சேர்க்கப்படாத கொல்கத்தா கப்பலில், தீயணைப்புக்கென்று வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ஒரு கமாண்டரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அங்கே தீயே இல்லை. 2016 ஜூனில் இதே விக்ரமாதித்யா கார்வாரில் நின்றபோது, கழிவுநீர் சுத்திகரிப்புக் கம்பார்ட்மென்ட்டில் பராமரிப்பு வேலை நடக்கையில் விஷவாயு கசிந்து ஒரு மாலுமியும் ஒரு சிவிலியன் தொழிலாளியும் இறந்தார்கள். அங்கும் தீ இல்லை. 2008 நவம்பர் 8-ல் ஜப்பான் கடலில் ரஷ்ய நீர்மூழ்கி நெர்ப்பாவின் சோதனை ஓட்டத்தில், தீயில்லாமலே தீயணைப்பு வாயு திறந்துகொண்டு 20 பேர் போனார்கள். அந்த நெர்ப்பாதான் 2012-ல் சக்ரா என்ற பெயரில் நம்மிடம் வந்தது. 2013 ஆகஸ்ட் 14-ல் சிந்துரக்ஷக்கில் 18 பேர் இறந்தது வெடிப்பினால். அதை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் ஆளைக் கொன்றது மூச்சுக்காற்று.

கெட்ட காற்று எல்லாம் ஒரே மாதிரி கொல்வதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் "மூச்சுத் திணறினால் வெளியே வந்துவிடலாம்" என்ற நினைப்பில்தான் பலர் உள்ளே போகிறார்கள். நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவது மட்டும் அந்த உணர்வைத் தருவதில்லை. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5-க்குக் கீழே போனால் குறைபாடுள்ள காற்று என்று கணக்கு. 16 வாக்கில் யோசனை தடுமாறும், ஆனால் தடுமாறுவது தடுமாறுகிறவருக்குத் தெரியாது. 10-ஐ நெருங்கும்போது கால் மடங்கும். 6-க்குக் கீழே சில மூச்சுகளில் நினைவு தப்பும். துருப்பிடித்த இரும்பு தானாகவே ஆக்சிஜனைக் குடித்துவிடும் என்பதால், மாதக்கணக்கில் மூடிக்கிடந்த வெறும் டாங்க் ஒன்றும் இதே வேலையைச் செய்யும். வாசனை வராது, கண் எரியாது.

தீப்பிடித்த கம்பார்ட்மென்ட்டில் முதல் கொலைகாரன் கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியில் இதைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் 1,200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,200 பங்கு) என்பதே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. 12,800 பி.பி.எம்., அதாவது 1.28 விழுக்காடு இருந்தால் இரண்டு மூன்று மூச்சில் நினைவு போகும். காற்று கிடைக்காமல் புகைந்து எரியும் இடத்தில் இந்த அளவு எட்டாத உயரமில்லை. மாஸ்க்கை ஒருமுறை தூக்கி ஓர் உத்தரவு சொல்லிவிட்டு மறுபடி போட்டுக்கொள்கிறோமே, அதற்கு இரண்டு மூச்சு போதும்.

இன்னொன்றும் நினைவில் வை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் பிரித்தறியாது. 98 என்று காட்டும், ஆள் செத்துக்கொண்டிருப்பார். புகையிலிருந்து வந்தவருக்கு ஆக்சிமீட்டரைப் பார்த்துச் சிகிச்சை முடிவு செய்யக் கூடாது. தலைவலி, குமட்டல், பேச்சில் குழறல் இருந்தால் உடனே பை வைத்த மாஸ்க்கில், நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். சாதாரணக் காற்றில் அந்த விஷம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி. "எனக்கு ஒன்றுமில்லை சார்" என்று சொல்லிவிட்டு மெஸ்ஸில் போய்ப் படுப்பவரைத் தனியே விடாதே.

கேபிள் எரிந்தால் கதை வேறு. பி.வி.சி. உறை ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். அது தொண்டையை அறுத்து இருமவைக்கும், நுரையீரலில் மணிக்கணக்கு கழித்தும் நீர்கோக்க வைக்கும். மெத்தை, இருக்கை நுரை எரிந்தால் சயனைடு. புதிய தீயணைப்பு வாயுக்களில் சில நெருப்பில் பட்டதும் ஹைட்ரஜன் ஃபுளோரைடாக உடையும். இதற்கெல்லாம் விடை ஒன்றே, காற்றுச் சிலிண்டர். வடிகட்டி வைத்த மாஸ்க் ஆக்சிஜனை உண்டாக்காது.

கார்பன் டை ஆக்சைடு மட்டும் முரடன், சொல்லிவிட்டு அடிக்கும். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், ஆனால் அளவு 10 விழுக்காட்டைத் தொட்டால் நிமிடத்தில் மயக்கம். 17-க்கு மேல் ஒரு நிமிடத்துக்குள் உயிருக்கே ஆபத்து. தீயணைக்க இன்ஜின் ரூமில் நிரப்புகிற அளவு 35, 40 விழுக்காடு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், எனவே கப்பலின் அடிவயிறான பில்ஜிலும் கீழ்த்தளத்திலும் தங்கிவிடும். மேலே மீட்டர் நல்ல எண் காட்டினாலும் ஏணியில் நாலு படி இறங்கினால் முடிந்தது. வணிகக் கப்பல்களுக்கான விதியில் இந்த வாயுவைத் திறக்க இரண்டு தனித்தனிக் கைப்பிடிகள் வேண்டும், வெளியேறுவதற்கு முன்கூட்டியே மணி ஒலிக்க வேண்டும், திறந்தபின் இரண்டு நிமிடத்தில் 85 விழுக்காடு வாயு உள்ளே பாய்ந்துவிட வேண்டும் என்று இருக்கிறது. அந்த இரண்டு நிமிடம்தான் உள்ளே இருப்பவரின் ஆயுள். உன் கப்பலில் இந்தச் சிலிண்டர்கள் இருக்கும் அறையில் யாராவது வேலை செய்தால், தற்செயலாகத் திறக்காதபடி பூட்டு ஊசி (பின்) போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று முதலில் நீயே போய்ப் பார். வேலை முடிந்ததும் பின்னை எடுத்தாயிற்றா என்றும் பார்; மறந்து விட்டால் உண்மையான தீயில் அது திறக்காது.

கழிவுநீர் அறை, அழுகிய கடல்நீர் தேங்கிய பில்ஜ், இங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது நல்ல செய்தி, இன்னும் மூக்கு வேலை செய்கிறது. 100 பி.பி.எம். வாக்கில் மூக்கு மரத்துப்போகும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்கிறவர் அங்கேதான் விழுகிறார். 1,000-ல் ஒரே மூச்சு போதும். இந்த மாதிரி இடங்களில் முதல் ஆள் விழுந்ததும், பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டாவது ஆள் ஓடிப்போய் இறங்குவார். மூன்றாவது ஆளும் இறங்குவார். பாசத்தில் செய்வதுதான். தடுக்க ஒரே வழி, மேலே நிற்பவருக்கு "நீ இறங்கக் கூடாது, மணியடிப்பது மட்டும்தான் உன் வேலை" என்று வேலை தொடங்குமுன்னே பெயர் சொல்லி ஒப்படைப்பது. இறங்குகிறவர் உடம்பில் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுக்கலாம். இறங்கும் வாயிலான ஹேட்ச்சின் அகலத்தில் சிலிண்டர் மாட்டிய ஆள் நுழைய முடிகிறதா என்று அளந்தும் பார்த்துவிடு.

சரி, இப்போது உன் முதுகில் ஏறப்போகும் பி.ஏ. செட், அதாவது காற்றுச் சிலிண்டரும் மாஸ்க்கும் சேர்ந்த மூச்சுக் கருவி. அதன் கணக்கை நீ மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 6.8 லிட்டர் கார்பன் ஃபைபர் சிலிண்டர், உள்ளே காற்றழுத்தம் 300 பார் என்று வைத்துக்கொள். பெருக்கினால் 2,040 லிட்டர். ஆனால் அத்தனை அழுத்தத்தில் காற்று அந்தப் பெருக்கலுக்குப் பணிந்து சுருங்குவதில்லை; உண்மையில் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு குறைவு, சுமார் 1,850. காற்று குறைந்ததை எச்சரிக்கும் விசில் 55 பாரில் ஊதும், 5 பார் முன்னே பின்னே இருக்கலாம். அப்போது உள்ளே மீதி ஏறக்குறைய 370 லிட்டர். அதைக் கழித்தால் வேலைக்கு உனக்கு 1,480 லிட்டர்தான். பயிற்சியில் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று போடுவார்கள், அது 37 நிமிடம். நெருப்பில் ஹோஸை இழுத்துக்கொண்டு, வெப்பத்தில், பயத்தில் 80 லிட்டர் தாராளமாகப் போகும். அப்போது 18 நிமிடம். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் நிமிடத்தை நம்பாதே, அழுத்தம் காட்டும் மானோமீட்டரை நம்பு.

விசில் ஊதும்போது புறப்பட்டால் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தட்டையான தரையில் சரி. இயந்திரங்கள் இருக்கும் மெஷினரி ஸ்பேஸ் எப்போதும் கீழே இருக்கிறது. போகும்போது இறங்குகிறாய், வரும்போது ஏறுகிறாய்; மயங்கிய ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் மோசம். அதனால் "போக எவ்வளவோ வர அவ்வளவு" என்ற பாதிக்குப் பாதி கணக்கு கப்பலில் பொய்த்துப்போகும். இறங்கி வேலை செய்யும் இடத்தை அடைய 50 பார் செலவானால், ஏற 100 பார் வை, விசிலுக்கான 55-ஐ அதன்மேல் வை. மானோமீட்டர் 155-ஐத் தொட்டதும் திரும்பு, வேலை முடிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும். இணையாக இருவர் போகும்போது குறைந்த காற்று யாரிடமோ அவர் கணக்குதான் இருவருக்கும்.

மாட்டுவதற்கு முன்: வால்வைத் திறந்து அழுத்தம் பார், மூடு, ஒரு நிமிடம் மானோமீட்டரைக் கவனி. 10 பாருக்கு மேல் இறங்கினால் அந்தச் செட்டை ஒதுக்கிவிடு. பிறகு காற்றை மெதுவாக வெளியே விட்டு விசில் எங்கே ஊதுகிறது என்று கேள். மறுபடி வால்வை முழுக்கத் திற. பாதி திறந்த வால்வு ஓய்வில் நின்றால் போதுமான காற்று தரும். மூச்சு வாங்கும்போது தராது, செட் பழுது என்று நினைத்து மாஸ்க்கைக் கழற்றத் தோன்றும். மாஸ்க்கின் ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே ஒரு முடிகூட இருக்கக் கூடாது. நம் கடற்படையில் தாடிக்கு அனுமதி உண்டு; தாடி வைத்த உன் ஆட்களிடம் இதை முகத்துக்கு நேரே பேசு. உனக்கு நெற்றி முடியும் காதோர முடியும்தான் பிரச்சினை. கொண்டை பின்னால் பட்டையைத் தூக்கினாலும் விளிம்பு கிளம்பும், ஆகவே தாழ்த்திப் பின்னு. மாஸ்க்குக்குள் அழுத்தம் எப்போதும் கூடுதலாக இருக்கும் பாசிட்டிவ் பிரஷர் செட்டில் கசிவு வெளிப்பக்கம்தான் போகும், புகை உள்ளே வராது என்பார்கள். உண்மை. ஆனால் அந்தக் கசிவு உன் 18 நிமிடத்திலிருந்து போகிறது.

தப்பிக்கிறதுக்கென்று பெல்ட்டில் தொங்கும் ஹூட் செட் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கானது. அதைப் போட்டுக்கொண்டு தீயை நோக்கிப் போகவே கூடாது. கதவை நோக்கி மட்டும்.

வாசலுக்கு வெளியே ஒரு பலகை வேண்டும். உள்ளே போகிறவரின் பெயர், போகும்போது அழுத்தம், நேரம், விசில் ஊத வேண்டிய நேரம். எழுதுகிறவர் வேறெந்த வேலையும் செய்யக் கூடாது, ஹோஸைப் பிடித்துக்கொடுக்கவும் கூடாது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பலகைதான். ஆள் குறைவு என்று அவரையும் இழுத்துக்கொள்வார்கள். அப்புறம் உள்ளே எத்தனை பேர் என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். அந்தத் தகவல் இல்லாமல் தீயணைப்பு வாயுவைத் திறக்கவும் முடியாது.

தீ எப்படித் தொடங்குகிறது என்பதை நீ லோனாவ்லா கடற்படை இன்ஜினியரிங் பயிற்சியில் படித்திருப்பாய், அதனால் வேகமாகச் சொல்கிறேன். எரிபொருள் குழாயின் இணைப்பில் (ஃபிளாஞ்ச்) இருக்கும் அடைப்பு வளையம் (கேஸ்கெட்) தளர்ந்து எண்ணெய் பூத்தூறலாகப் பீச்சும். டீசல் ஏறக்குறைய 250 டிகிரியில் தானாகப் பற்றும். அதனால்தான் 220 டிகிரிக்கு மேல் சூடேறும் பரப்பு எல்லாவற்றுக்கும் லேக்கிங் (வெப்பம் தடுக்கும் உறை) வேண்டும் என்று விதி. பழுது பார்த்துவிட்டு லேக்கிங்கைத் திரும்பச் சுற்றாமல் விட்ட இரண்டு அங்குல இடம் போதும். எண்ணெய் ஊறிய லேக்கிங் இன்னும் மோசம், உள்ளுக்குள்ளேயே புகையும். விக்ரமாதித்யாவில் எட்டு பாய்லர்கள் உண்டு; உன் கப்பலில் பாய்லர் இல்லை, கேஸ் டர்பைனும் டீசலும்தான். எக்ஸாஸ்ட் குழாய்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

துறைமுகத்துக்குள் நுழைகிற நேரம் எந்தக் கப்பலுக்கும் கெட்ட நேரம். வேகம் கூட்டு, குறை என்று உத்தரவு மாறிக்கொண்டே இருக்கும், இயந்திரங்கள் மேல் சுமை ஏறி இறங்கும். அந்த நேரத்தில் மெஷினரி ஸ்பேஸை மூடிவிட்டு வெளியே வா என்பது எளிதல்ல. மூடினால் உந்துவிசை போகும், குறுகிய வாய்க்காலில் கப்பல் கையை விட்டுப் போகும். எனவே கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் இருப்பவருக்கு நீ கொடுக்கிற தகவல் ஒரு வரியாக இருக்கட்டும்: கப்பலை உந்தும் எந்த ஷாஃப்ட் போகும், எத்தனை நிமிடத்தில் போகும். முதல் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் கைத் தீயணைப்பானாலும் நுரையாலும் அடங்காத தீயை அதே கருவியோடு மறுபடி எதிர்க்காதே. ஆட்களை வெளியேற்று, எண்ணு, கதவுகளை அடை, காற்றோட்ட மின்விசிறிகளை நிறுத்து, எரிபொருளை வெளியிலிருந்து மூடு, பிறகு வாயுவைத் திற. ஆறு பக்கமும் சுவர்களைக் குளிர வை. மேல் தளத்தில் பெயின்ட் கொப்பளித்தால் அடுத்த தீ அங்கேதான்.

மறுபடி உள்ளே போகிற நேரத்தில் கதவைக் கீழிருந்து மேலாகப் புறங்கையால் தொட்டுப் பார், அல்லது மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஆவியாகிறதா பார். ஒரு லிட்டர் தண்ணீர் 1,700 லிட்டர் நீராவியாக விரியும். கதவைத் திறந்தவுடன் மொத்தமாகத் தண்ணீரை வீசினால் அந்த நீராவி உன் கோட்டுக்குள்ளேதான் வரும்.

இனி, நான் எழுதவந்த இடம். ஜுவாலை அணைந்துவிட்டது. தீயணைப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறையான எச்.க்யூ. ஒன்னுக்குத் தகவல் போயிற்று. எல்லோருக்கும் தோள் இறங்குகிறது. மாஸ்க் கண்ணாடியில் ஆவி படர்ந்திருக்கிறது, பேசினால் யாருக்கும் கேட்கவில்லை, செட்டின் கனம் அழுத்துகிறது. ஆனால் காற்று மாறவில்லை. ஜுவாலை அணைந்த பிறகு புகைந்துகொண்டிருக்கும் லேக்கிங்கும் கேபிளும் கார்பன் மோனாக்சைடை இன்னும் அதிகமாகவே கக்கும், ஏனென்றால் முழுதாக எரிய ஆக்சிஜன் இல்லை. புகை மெலிந்து கண்ணுக்கு எதிர்ச்சுவர் தெரிகிறபோதும் அந்த வாயு அப்படியே நிற்கும். அதற்கு நிறமில்லை. புகையை வெளியேற்றி முடித்து, மீட்டர் வைத்து அளந்து, எண் எழுதிய பிறகுதான் மாஸ்க் கழற்றலாம். முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, அப்புறம் நச்சு வாயு. இந்த வரிசை மாறக் கூடாது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எரிவாயு மீட்டர் தவறான எண் காட்டும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில் அள. குழாயை நீட்டி அளக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் காற்று மீட்டருக்கு வந்து சேர நேரம் கொடு. அளந்து முடிக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு, தீ எரிகிறதா இல்லையா என்பதைப் பற்றிய கேள்வியே கிடையாது. பலகையும் அதுவரை நடக்க வேண்டும். தீ அணைந்த செய்தி வந்ததும் பலகையை மூடிவைக்கும் வழக்கம் எங்கெங்கும் இருக்கிறது, உன் கப்பலில் அது இருக்கக் கூடாது.

ஒரு அதிகாரி முன்னால் போய் நின்றதைத் தவறென்று நான் சொல்லவில்லை. இந்த வேலையில் தெரிந்தவர்தான் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். தெரியாத இருபது வயதுப் பையனை அனுப்பிவிட்டு வெளியே நிற்கும் அதிகாரியை யாரும் மதிக்கமாட்டார்கள், நீயும் மதிக்கமாட்டாய். அவர் போனார் என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை. நீ போகவேண்டி வந்தால், போவதற்கு முன் உன் இடத்தை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படை. "சீஃப், இப்போதிலிருந்து வெளியே நீங்கள்" என்று உரக்கச் சொல். ஏனென்றால் உள்ளே நுழைந்தவுடன் உன் கவனம் ஒரு வால்வுக்குச் சுருங்கிவிடும். நேரம் பார்க்கவும், உன்னைத் திரும்ப அழைக்கவும் வெளியே ஒருவர் வேண்டும், அவர் உன்னைவிடப் பதவியில் குறைந்தவராக இருந்தாலும் அவர் "வெளியே வாங்க மேடம்" என்றால் நீ வர வேண்டும். இதை அமைதியான நாளிலேயே அவரிடம் பேசி வை. தீயின்போது முதன்முறையாக ஓர் அதிகாரியை வெளியே வரச் சொல்ல ஒரு மாலுமிக்கு நாக்கு எழாது. இன்னொரு செட் மாட்டி, வால்வு திறக்காமல், வாசலில் தயாராக நிற்கும் இருவரும் வேண்டும். அவர்கள் உன்னைத் தூக்கிவர மட்டும். ஹோஸ் மாற்ற அவர்களை எடுத்துக்கொள்ளாதே.

டாக்யார்டில் நிற்கும்போது இன்னும் கவனம். 2020 ஜூலையில் சான் டியேகோவில் அமெரிக்கர்களின் போனோம் ரிச்சர்ட் போர்க்கப்பல் பழுதுபார்ப்பில் நின்றபோது எரிந்தது. நாட்கணக்கில் எரிந்து கப்பலே வீணாயிற்று. கதவுகள் வழியே தற்காலிகக் கேபிளும் குழாயும் போய்க்கொண்டிருந்ததால் புகையும் தீயும் தடையில்லாமல் பரவின. உன் கதவுகளில் அப்படி ஏதாவது போனால், கையால் பிரிக்கக்கூடிய இணைப்பு கதவுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும், பக்கத்தில் கோடரி இருக்க வேண்டும். வெல்டிங் முடிந்த பிறகும் அரை மணி நேரம் ஃபயர் சென்ட்ரி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். சுவரின் மறுபக்கத்திலும் ஒருவர் நிற்க வேண்டும். பொறி இந்தப் பக்கம் விழும், மெத்தை அந்தப் பக்கம் பற்றும்.

இந்த வாரம் உன் கப்பலில் ஒரு வேலை செய். இன்ஜின் ரூமின் கடைசி மூலையிலிருந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, கையால் தடவியபடி ஹேட்ச் வரை வந்து பார். எத்தனை படி, எந்தப் பக்கம் கைப்பிடி, எங்கே தலை இடிக்கும் என்று எண்ணு. செட் மாட்டிக்கொண்டு இன்னொரு முறை வா, எத்தனை பார் செலவாயிற்று என்று குறித்து வை. அதுதான் உன்னுடைய எண். புத்தகத்திலுள்ள 40 லிட்டர் யாரோ ஒருவருடையது.

அந்த எண்ணை எனக்கு எழுது. கூடவே உனக்குக் கொடுத்திருக்கும் மாஸ்க் எந்த அளவு என்றும் எழுது. ஆண் முகத்துக்கான நடுத்தர அளவையே எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். கன்னத்துக்குக் கீழே விளிம்பு உட்காரவில்லை என்றால் சிறிய அளவு கேட்டு வாங்கிக்கொள், கிடைக்கும்வரை கேள்.

அன்புடன்,
அப்பா